கப்பல் தலைவனுக்கு வயது என்ன?

காரைக்கால் பிள்ளைகளிடம் எச்சரிக்கையோடு கேட்க வேண்டிய கழித்தல் கணக்கு ஒன்று உண்டு. பின்னாளில் காரைக்கால் அம்மையார் ஆன புனிதவதியின் கணவன் பரமதத்தன், கடையிலிருந்து இரண்டு மாங்கனிகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினான். புனிதவதி அவற்றில் ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்குப் படைத்துவிட்டாள். மீதி எத்தனை? பாடப்புத்தகத்தின் விடை ஒன்று. ஊரின் விடை வேறு. ஆனிப் பௌர்ணமியில் மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, மதியம் சாப்பிட உட்கார்ந்த கணவனுக்கு, அவள் வேண்டியதும் இறைவன் தந்த ஒன்றையும் சேர்த்து, இரண்டு கனிகள் கிடைத்தன என்பது தெரியும். அடியார் உண்டதையும் சேர்த்தால் மூன்று. கொஞ்சம் வாயாடிப் பிள்ளை என்றால், கணவன் நம்பாமல் மறுபடி கேட்டபோது அவன் கையில் வந்து மறைந்துபோன நான்காவது கனியை எந்தப் பக்கம் எழுதுவது என்றும் கேட்கும்.

கேட்டால் நல்லதுதான். ஆனால் வகுப்பில் யாரும் கேட்பதில்லை. ஆறாம் வகுப்புக்கு வருவதற்குள் பிள்ளைகள் ஓர் ஒப்பந்தத்தைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்: கணக்கில் வரும் கதை வெறும் சுற்றுத்தாள், உள்ளே இருக்கும் எண்கள்தான் சரக்கு. தாளைக் கிழி, எண்ணை எடு, ஏதாவது செய், விடையை எழுது.

இந்த ஒப்பந்தம் எவ்வளவு ஆழமானது என்பதை 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சின் கிரனோபிள் நகரில் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் ஒரு குறும்புக் கேள்வியால் காட்டினார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவனுக்கு வயது என்ன? ஏழு முதல் ஒன்பது வயது வரையுள்ள 97 பிள்ளைகளிடம் கேட்டதில் 76 பேர் கொடுத்த எண்களை வைத்தே வயதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 36 என்றால் கப்பல் தலைவனுக்குப் பொருத்தமான வயதும்கூட. இந்தக் கேலிக்கு மூலவர் நாவலாசிரியர் ஃப்ளோபேர். 1840-களின் தொடக்கத்தில் தங்கைக்கு எழுதிய கடிதத்தில் கப்பலின் சரக்கு, காற்றின் திசை, பயணிகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் அடுக்கிவிட்டுத் தலைவனின் வயதைக் கேட்டிருக்கிறார். அப்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்து நூறாண்டு கடந்திருந்தது. 1739-இல் தொடங்கி 1954 நவம்பர் 1 வரை நீடித்த அந்த ஆட்சியில், பிரெஞ்சு மொழியிலேயே கணக்குப் போட்டுப் படித்த ஒரு தலைமுறை இந்த ஊரில் இருந்தது. அவர்களிடம் ஆட்டையும் வயதையும் கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்ப்பதுண்டு. பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்பது என் ஊகம்.

பிள்ளைகள் மூளையைக் கழற்றி வைத்துவிட்டார்கள் என்று இதைப் படித்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. அந்த 76 பேரில் பலருக்கும் ஏதோ சரியில்லை என்று ஒரு நொடி உறைத்திருக்கும். “இது எனக்குப் புரியவில்லை” என்ற அந்த நொடியில் நின்று பார்க்க அவர்களுக்குத் துணிவும் இல்லை, வழியும் இல்லை. அதனால் விடைக்குள் ஓடி ஒளிந்தார்கள். இப்படிக் கதையோடு வரும் வாக்கியக் கணக்கில் கைவிடுதல் என்பது பெரும்பாலும் வெற்றுத் தாளாக வருவதில்லை. அவசரமான விடையாக வேடமிட்டு வருகிறது. மாணவர்களின் மீள்திறனுக்கும் வாக்கியக் கணக்குக்கும் என்ன உறவு என்று கேட்டால், தேட வேண்டிய இடம் அந்த நொடிதான்.

மீள்திறன் என்றதும் நமக்குப் புயலும் வெள்ளமும் நினைவுக்கு வரும். ஆய்வுலகிலும் அது அப்படித்தான் தொடங்கியது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயியில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் நோய் என்று பல இடர்களுக்கு நடுவே பிறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக வளர்ந்து நின்றார்கள். அவர்களைத் தாங்கியது எஃகு மனம் அல்ல. அக்கறையுள்ள ஒரு பெரியவராவது அருகில் இருந்தார், வீட்டில் ஏதோ ஒரு பொறுப்பு இருந்தது, பள்ளியில் ஒட்டிக்கொள்ள ஓர் இடம் இருந்தது. 2001-இல் ஆன் மாஸ்டன் இந்தத் துறையின் முடிவுகளைத் தொகுத்தபோது, மீள்திறன் அசாதாரணமானவர்களின் சொத்து அல்ல, சாதாரண ஏற்பாடுகள் ஒழுங்காக இயங்குவதன் விளைவு என்றே சொன்னார்.

காரைக்காலுக்கு இது புத்தகச் செய்தி அல்ல. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை வந்த ஆழிப்பேரலையில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்தக் கரையைச் சேர்ந்தவர்கள். கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி என்று வரிசையாக நிற்கும் மீனவக் கிராமங்களின் பிள்ளைகள் அடுத்த மாதங்களில் பள்ளிக்குத் திரும்பி, பரீட்சை எழுதி, பலர் அடுத்த வகுப்புக்கும் போனார்கள். வேறெங்கும் இதற்கு மேல் மீள்திறன் தேட வேண்டியதில்லை. ஆனால் இவ்வளவையும் தாங்கிய பிள்ளை, விகிதக் கணக்கின் முன்னால் முதல் வரியைத் தாண்டாமல் பேனாவை மூடிவைப்பது அன்றாடக் காட்சி. இதை முரண்பாடு என்று நினைப்பது நம் பிழை. கடலைத் தாங்கும் திறன் காகிதத்துக்குத் தானாக வந்து சேராது.

இதனால்தான் பிரிட்டனில் க்ளேர் லீ, சூ ஜான்ஸ்டன்-வைல்டர் என்ற இரு கல்வியாளர்கள் 2010-ஐ ஒட்டி ‘கணித மீள்திறன்’ என்று தனியாக ஒன்றைப் பிரித்துப் பேசத் தொடங்கினார்கள். அவர்கள் கணக்கில் அதற்கு நான்கு கூறுகள். முயன்றால் என் திறன் வளரும் என்ற எண்ணம். இந்தக் கணிதத்தால் எனக்கு ஏதோ பயன் உண்டு என்ற உணர்வு. கணிதத்தில் திணறுவது இயல்பு, திணறும்போது என்ன செய்வது என்ற அறிவு. உதவியை யாரிடம், எப்படிக் கேட்பது என்ற தெளிவு. முதல் கூறுதான் மேடைகளில் அதிகம் பேசப்படுகிறது. என் பார்வையில் மூன்றாவதும் நான்காவதும்தான் உயிர். அவை இரண்டும் குணங்கள் அல்ல, கற்றுக்கொடுக்கக்கூடிய வேலைமுறைகள்.

முதல் கூறுக்கு எவ்வளவு வலிமை என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடந்து 2019-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான சோதனையில், மூளை வளரக்கூடியது என்று சொல்லிக்கொடுக்கும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பாடத்தால், பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் சராசரி நான்கு புள்ளி அளவுகோலில் 0.10 உயர்ந்தது. பலன் உண்டு, சிறிய பலன். 2018-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பல நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தன்னம்பிக்கை மதிப்பெண்ணை உயர்த்துவதைவிட, மதிப்பெண் தன்னம்பிக்கையை உயர்த்துவதே வலுவாக இருந்தது. ஒரு கணக்கைப் போட்டு முடித்த பிள்ளைக்குத்தான் அடுத்த கணக்கைத் தொடத் துணிவு வருகிறது. “உன்னால் முடியும்” என்று பிரேயரில் சொல்லிவிட்டு நேராக இருபடிச் சமன்பாட்டுக்குப் போகும் பள்ளிகள் இதைச் சுவரில் எழுதிவைக்கலாம்.

சரி, பிள்ளை எந்த இடத்தில் விழுகிறது? ஆஸ்திரேலியக் கல்வியாளர் ஆன் நியூமன் 1977-இல் வெளியிட்ட ஆய்வில் எளிய முறை ஒன்றைக் கையாண்டார். தவறு செய்த பிள்ளையை உட்காரவைத்து வரிசையாகக் கேட்டார்: கேள்வியைப் படித்துக் காட்டு, என்ன கேட்கிறார்கள் சொல், எப்படிப் போடப்போகிறாய், போட்டுக் காட்டு, விடையை எழுது. எந்தப் படியில் தடுக்குகிறது என்று குறித்துக்கொண்டார். பின்தங்கிய ஆறாம் வகுப்பு மாணவர்களின் தவறுகளில் ஏறக்குறைய பாதி, கூட்டவோ பெருக்கவோ தொடங்கும் முன்னரே நடந்துமுடிந்திருந்தன. வாசிப்பில், புரிதலில், எந்தச் செயல் என்று தீர்மானிப்பதில். வாய்ப்பாட்டை இன்னும் நூறு முறை எழுதவைத்தாலும் இந்தப் பாதி அசையாது.

நம் வகுப்பறைகளில் இதற்கு ‘ஸ்டேட்மெண்ட் சம்’ என்று பெயர். “ஸ்டேட்மெண்ட் சம்மை சாய்ஸ்ல விட்டுட்டேன்” என்பது தேர்வு முடிந்து வெளியே வரும் கூட்டத்தில் எப்போதும் காதில் விழும் வாக்கியம். விடாமல் எழுதுபவர்களுக்காக ஒரு குறுக்குவழி புழக்கத்தில் இருக்கிறது: ‘மொத்தம்’ என்றால் கூட்டு, ‘மீதி’ என்றால் கழி, ‘ஒவ்வொருவருக்கும்’ என்றால் வகு. மேரி ஹெகார்ட்டி, ரிச்சர்ட் மேயர் முதலியோர் 1990-களில் மாணவர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்து பார்த்ததில், கணக்கைச் சரியாகப் போடுபவர்கள் பெயர்களுக்கும் உறவுகளுக்கும் திரும்பத் திரும்பப் போகிறார்கள், தவறவிடுபவர்கள் எண்களுக்கே திரும்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

இந்த ஊருக்கேற்ற ஒரு கணக்கை நாமே உண்டாக்கிப் பார்ப்போம். ஒரு படகில் வந்த மீன் 12,000 ரூபாய்க்கு ஏலம் போகிறது. டீசலுக்கும் ஐசுக்கும் ஆன செலவு 3,000. மீதியில் மூன்றில் ஒரு பங்கு படகுக்கு. மிச்சத்தைக் கடலுக்குப் போன நான்கு பேரும் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒருவருக்கு எவ்வளவு?

குறுக்குவழிப் பிள்ளை என்ன செய்யும்? 12,000-இல் மூன்றில் ஒன்று 4,000. செலவு 3,000. இரண்டையும் கழித்தால் 5,000. நாலால் வகுத்தால் 1,250. விடை முழு எண்ணாக வந்துவிட்டது. முழுதாக வந்த விடை சரியான விடை என்பது மாணவர் உலகின் எழுதப்படாத சட்டம். அடிக்கோடு போட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். அந்தப் பிள்ளை திணறவே இல்லை. எனவே மீள்திறனுக்கு வேலையும் வரவில்லை.

அதே கணக்கை ஏலத்துறையில் நிற்கும் ஒருவரிடம் வாயால் சொல்லிப் பாருங்கள். படகுக்கு 4,000 என்றதும் மறிப்பார்: செலவைக் கழிக்காமல் படகுக்குப் பங்கு எடுத்தால் டீசல் காசு முழுதும் ஆட்கள் தலையில் அல்லவா விழும்? அது எந்த ஊர் நியாயம்? செலவு போக 9,000, படகுக்கு 3,000, மிச்சம் 6,000, ஆளுக்கு 1,500. அவர் தவறைப் பிடித்தது கணித விதியால் அல்ல. கதைக்குள் நின்று, பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று பார்த்ததால். சுற்றுத்தாள் என்று பிள்ளை கிழித்தெறிந்த கதையில்தான் விடையைச் சோதிக்கும் கருவி இருந்தது.

பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் 1980-களில் செய்த ஓர் ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. தெருவில் தேங்காய் முதலியவற்றை விற்கும் ஐந்து பிள்ளைகளிடம் டெரெசின்யா நூனிஸ், அனலூசியா ஷ்லீமன், டேவிட் கராஹர் மூவரும் முதலில் வாடிக்கையாளராகப் போய்க் கணக்குக் கேட்டார்கள். 98.2 விழுக்காடு சரி. பின்னர் அதே கணக்குகளை எண்களாக மட்டும் தாளில் கொடுத்தார்கள். 36.8 விழுக்காடு. மூன்றாவது வகை வாக்கியக் கணக்கு. அதில் 73.7. இந்த மூன்றாவது எண்ணைப் பலரும் கவனிப்பதில்லை. காகிதத்தில்தான் என்றாலும், கதை ஒன்று இருந்ததால் பிடித்துக்கொள்ள ஏதோ கிடைத்திருக்கிறது. வாக்கியக் கணக்கு இயல்பிலேயே கடினமானது என்ற நம் எண்ணம் இங்கே ஆட்டம் காண்கிறது. ஷ்லீமனும் நூனிசும் பிறகு மீனவர்களிடம் போனார்கள். பதப்படுத்தாத கடல் உணவு இவ்வளவு என்றால் பதப்படுத்திய பின் எவ்வளவு தேறும் என்று அன்றாடம் கணக்கிடும் அவர்கள், பழக்கமில்லாத தலைகீழ்க் கேள்வியையும் சமாளித்தார்கள். இவ்வளவு தேற வேண்டுமென்றால் எவ்வளவு பிடிக்க வேண்டும்? அவர்களில் பெரும்பாலோருக்கு யாரும் விகிதசமம் நடத்தியதில்லை.

இதை வைத்துக்கொண்டு ‘வாழ்க்கையே பள்ளி’ என்று பாடத் தொடங்கிவிட வேண்டாம். 2025-இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ முதலியோர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளைப் பற்றியது. எடையும் விலையும் கலந்த கணக்கை மனத்தில் போட்டுச் சில்லறை கொடுத்த அதே பிள்ளைகள், பாடநூல் வடிவில் வந்த எளிய வகுத்தலில் தடுமாறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகள் நேர்மாறு: தாளில் ஓரளவு தேறியவர்கள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். இரண்டு பக்கமும் பாலம் இல்லை. பட்டினச்சேரிப் பிள்ளைக்கு ஏலக் கணக்கு தெரியும் என்பது ஒரு வாய்ப்பு மட்டுமே. யாராவது அதைப் பலகைக்கு எடுத்து வந்தால்தான் பயன்.

காவிரி டெல்டாவில் அந்தப் பாலம் ஒரு காலத்தில் இருந்ததா? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் செந்தில் பாபு, தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளின் கணக்குமுறையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாத்து என்று பிள்ளைகள் மனனம் செய்தவை வெற்று எண்கள் அல்ல; பொன்னின் எடை, நெல்லின் அளவு, நிலத்தின் பரப்பு. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம், நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. மாவுக்கு எட்டுக் கலம் கண்டால் அரை வேலிக்கு எவ்வளவு என்று கேட்டால், அந்தப் பிள்ளை எந்தச் செயல் என்று தேடாது. வயலை நினைத்துக்கொண்டு எண்பது கலம் என்று சொல்லும். காரிநாயனாரின் ‘கணக்கதிகாரம்’ இன்னொரு படி மேலே போகிறது. பலாக்காயின் காம்பருகே சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் உள்ளே இருக்கும் சுளை எத்தனை என்று தெரிந்துவிடுமாம். அறுத்து எண்ணிப் பார்த்தவர்கள் சொல்லட்டும். ஆனால் அப்படி அறுத்து எண்ணத் தூண்டும் கணக்கு இன்றைய பாடநூலில் எத்தனை இருக்கிறது?

பழமையைத் தூக்கிவைத்துக் கொண்டாடவும் முடியாது. திண்ணையில் பிரம்பு இருந்தது. பெண்பிள்ளைகளும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் பெரும்பாலும் அங்கே இல்லை. அந்த முறையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்றுதான்: கணக்கில் வரும் அளவு பிள்ளையின் கைக்குத் தெரிந்ததாக இருந்தது. இன்றும் கடைமடையில், திருநள்ளாறு, நெடுங்காடு பக்கம் நிலத்தை ‘மா’ என்றே பேசுகிறார்கள். பாடநூல் ஏக்கர், ஹெக்டேர் என்கிறது. மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர் என்ற ஒரு வரியைப் பலகையில் எழுதிவிட்டுத் தொடங்கும் ஆசிரியர், பாதி வேலையை முடித்துவிடுகிறார்.

இனி அச்சம். அது மனக்குறை மட்டும் அல்ல, மூளையின் இடப் பிரச்சினை. மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கிர்க் இருவரும் 2001-இல் வெளியிட்ட சோதனைகளில், கணித அச்சம் மிகுந்தவர்களால் கணக்கிடும்போது மற்ற தகவல்களை நினைவில் நிறுத்த முடியவில்லை. வேலை செய்யும் நினைவின் ஒரு பகுதியைக் கவலையே பிடித்துக்கொள்கிறது. வாக்கியக் கணக்குக்கோ அந்த இடம்தான் அதிகம் வேண்டும். நான்கு எண், மூன்று உறவு, ஒரு கேள்வி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தாங்க வேண்டும். இதைவிட வியப்பானது 2012-இல் இயன் லயன்ஸ், சியான் பைலாக் இருவரின் மூளைப்படங்கள் காட்டியது. அச்சம் மிகுந்தவர்களுக்குக் கணக்கு வரப்போகிறது என்ற அறிகுறியைக் கண்டதும் உடல்வலியோடு தொடர்புள்ள பகுதிகள் விழித்துக்கொண்டன. கணக்கைப் போடும்போது அப்படி இல்லை. வலி வாசலில்தான். உள்ளே போய்விட்டால் குறைகிறது. பதினைந்து வயது மாணவர்களைப் பல நாடுகளில் சோதிக்கும் பீசா ஆய்வில், 2012-இல், கணக்கைப் போடும்போது கையறு நிலையை உணர்வதாக 30 விழுக்காடு மாணவர்கள் சொன்னார்கள். அந்தச் சுற்றில் இந்தியா இல்லை. ஆனால் பீசா 2009-இன் நீட்சியில் தமிழ்நாடு பங்கேற்றது. பதினைந்து வயதினரில் கணித அடிப்படை மட்டத்தை எட்டியவர்கள் 15 விழுக்காடு மட்டுமே. பீசாவின் வினாக்கள் பெரும்பாலும் சூழலோடு வருபவை. காரைக்கால் அந்த ஆய்வில் சேரவில்லை என்றாலும், அன்று இங்குள்ள பிள்ளைகள் படித்ததும் அதே தமிழ்நாட்டுப் பாடத்திட்டம்தான்.

இப்போது அது மாறிவிட்டது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் படிப்படியாக மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் (சிபிஎஸ்இ) பாடத்திட்டத்துக்கு மாறி, 2025-இல் பத்தாம் வகுப்பின் முதல் சிபிஎஸ்இ தேர்வை எழுதின. காரைக்காலும் அதில் சேர்த்தி. புதிய வினாத்தாளில் திறன்சார் வினாக்களுக்குப் பாதி இடம். கணிதத்தில் இறுதிப் பகுதி முழுக்கச் சூழல் வினாக்கள். மூன்று கதைகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு மதிப்பெண். ஒவ்வொரு கதையும் ஒரு பத்தி நீளம். பத்தி ஆங்கிலத்தில். முன்பு சாய்ஸில் விட்டுத் தப்பித்த பிள்ளைக்கு இப்போது தப்பிக்க வழி குறுகிவிட்டது.

இங்கேதான் மீள்திறன் என்ற சொல் ஆபத்தானதாக மாறுகிறது. வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் பிள்ளை, ஆங்கிலப் பத்தியின் நீண்ட செயப்பாட்டு வாக்கியத்தில் சிக்கி நிற்கும்போது, “விடாமுயற்சி போதவில்லை” என்று சொல்வது எளிது. அது கேள்வி எழுதியவரின் குறையைப் பிள்ளையின் தலையில் கட்டுவது. மொழியை மாற்றினாலே எவ்வளவு மாறும் என்பதற்கு டாம் ஹட்சன் 1983-இல் வெளியிட்ட சோதனை போதும். படத்தில் ஐந்து பறவைகள், மூன்று புழுக்கள். “புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம்?” என்று கேட்டதற்கு மழலைப் பள்ளிப் பிள்ளைகளில் 17 விழுக்காட்டினரே சரியாகச் சொன்னார்கள். “பறவைகள் எல்லாம் ஆளுக்கொரு புழுவை எடுக்க ஓடினால், எத்தனை பறவைக்குப் புழு கிடைக்காது?” என்று கேட்டபோது 83. அதே ஐந்து, அதே மூன்று, அதே கழித்தல். கலிஃபோர்னியாவில் ஜமால் அபேதியும் கரோல் லார்டும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், தேசியத் தேர்வின் கணக்குகளை எண்ணையும் கணிதத்தையும் தொடாமல் மொழியை மட்டும் எளிமையாக்கித் தந்தபோது மதிப்பெண் சற்றே உயர்ந்தது. ஆங்கிலத்தை அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தவர்களும் தாழ்நிலைக் கணித வகுப்புகளில் இருந்தவர்களும் மற்றவர்களைவிட அதிகம் பயன்பெற்றார்கள். சற்றே என்பதையும் மறக்க வேண்டாம். மொழி முழுக் குற்றவாளி அல்ல.

திணறலில் நிற்கக் கற்றுக்கொடுப்பது எப்படி? மனு கபூர் என்ற ஆய்வாளர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இந்தியப் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு இயற்பியல் மாணவர்களிடம் நடந்தது. சில குழுக்களுக்கு ஒழுங்கற்ற, சிக்கலான கணக்குகளை உதவியே இல்லாமல் கொடுத்தார். குழுக்கள் பெரும்பாலும் தோற்றன. ஆனால் பின்னர் வந்த தேர்வில், தொடக்கத்திலேயே ஒழுங்கான கணக்குகளைப் போட்டவர்களைவிட அவர்கள் நன்றாகச் செய்தார்கள். ‘பயனுள்ள தோல்வி’ என்று இதற்குப் பெயர் கிடைத்து உலகெங்கும் பரவியது. கபூரும் தன்மய் சின்ஹாவும் 2021-இல் தொகுத்துப் பார்த்ததில், தோல்விக்குப் பின் ஆசிரியர் வந்து அந்தத் தவறான முயற்சிகளையே எடுத்து விளக்கும்போதுதான் பலன் கூடுகிறது என்பதும், சிறு வகுப்புகளில் இது எடுபடவில்லை என்பதும் தெரிந்தன. பிள்ளையைத் தண்ணீரில் தள்ளிவிட்டுக் கரையில் நிற்பதற்கு இதில் அனுமதி இல்லை.

வகுப்பில் செய்யக்கூடியவை செலவில்லாதவை. கணக்கிலிருந்து எண்களை நீக்கிவிட்டுக் கதையை மட்டும் சொல்லி, “என்ன நடக்கிறது?” என்று கேட்பது. எண் இல்லாதபோது ஓடி ஒளிய இடமில்லை. அல்லது கேள்வியை நீக்கிவிட்டு, இந்த விவரங்களை வைத்து என்னென்ன கேட்கலாம் என்று பிள்ளைகளையே கேட்கவைப்பது. ஏலக் கணக்கை இப்படிக் கொடுத்தால், படகுக்காரருக்கு எவ்வளவு, செலவு இரண்டு மடங்கானால் ஆளுக்கு எவ்வளவு குறையும், எந்த விலைக்குக் கீழே போனால் கடலுக்குப் போவதே நட்டம் என்று அவர்களே கேட்பார்கள். கடைசிக் கேள்வி சமனிலி. அதை எட்டாம் வகுப்பில் கேட்கும் பிள்ளை கரையோரத்தில் நிச்சயம் இருக்கும். ஜார்ஜ் போல்யா 1945-இல் எழுதிய சிறு நூலில் இந்த வகைக் கேள்விகளை வரிசைப்படுத்தி வைத்தார். இந்தக் கணக்கு வரவில்லை என்றால், இதைப் போன்ற இன்னும் எளிய கணக்கு ஒன்று உண்டா? 12,000-க்குப் பதில் 12 ரூபாய் என்றால் என்ன செய்வாய்? திணறும் பிள்ளைக்கு அடுத்து எடுத்துவைக்க ஓர் அடி கிடைக்கிறது. நான் மீள்திறன் என்று சொல்வது இந்த அடுத்த அடி கையில் இருப்பதைத்தான்.

உதவி கேட்பதையும் பழக்கலாம். “சார், புரியல” என்பது உதவி கேட்பது அல்ல, சரணாகதி. “மூன்றில் ஒரு பங்கு எதிலிருந்து என்று தெரியல” என்பது உதவி கேட்பது. முதல் வாக்கியத்தை இரண்டாவதாக மாற்றச் சொல்லி, மாற்றியதும் உடனே பதில் கொடுக்கும் வகுப்பில் சில வாரங்களிலேயே கேள்விகள் கூர்மையாவதைப் பார்க்கலாம். விடைத்தாளில் ‘ஸ்டெப் மார்க்’ என்று ஒன்று இருக்கிறது. அது வழிக்கும் மதிப்பு உண்டு என்று தேர்வுத்துறையே ஒப்புக்கொண்டதன் அடையாளம். நாமோ அதைக் கேள்வியை அப்படியே நகலெடுத்து எழுதி ஒரு மதிப்பெண் பிடுங்கும் தந்திரமாகச் சுருக்கிவிட்டோம். படம் வரைந்து, “செலவு முதலில் கழியும்” என்று ஓரத்தில் எழுதிய பிள்ளைக்கு வகுப்புத் தேர்விலாவது அந்த மதிப்பெண்ணைக் கொடுக்கலாம்.

சிபிஎஸ்இ தேர்வில் காலை 10.15-க்கு வினாத்தாள் கைக்கு வரும். 10.30 வரை எழுதக் கூடாது, படிக்க மட்டும் அனுமதி. பதினைந்து நிமிடம், பேனாவைத் தொடாமல். பல பிள்ளைகள் முதல் பக்கத்தின் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு மனத்திலேயே விடை தேடி அந்த நேரத்தைக் கழித்துவிடுகிறார்கள். சூழல் வினாக்கள் 36, 37, 38 கடைசிப் பக்கங்களில் இருக்கின்றன. தாளைத் திருப்பி அங்கிருந்து தொடங்கி, மூன்று கதைகளையும் விடையைப் பற்றிக் கவலைப்படாமல் கதையாக மட்டும் வாசி, யார், என்ன, எதிலிருந்து எது என்று உனக்கு நீயே தமிழில் சொல்லிப் பார் என்று கல்வியாண்டின் தொடக்கத்திலிருந்தே பயிற்சி கொடுக்கலாம். அதற்குத் தனி நேரம்கூட வேண்டாம். மாதத் தேர்விலும் அதே பதினைந்து நிமிடத்தைக் கொடுத்து, அது முடியும்வரை பேனாக்களை ஆசிரியர் தம் மேசையில் வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.